ஹோன் கேட்கும் தூரம்

பூனைக்கல் தேயிலைத் தோட்டத்தில் பூனைகள் நிறைய உண்டு. கற்களும் நிறைய உண்டு. பூனை மாதிரி இருக்கும் கல் எது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அதனால் நாமும் அதைத் தேடப் போவதில்லை.

அந்தத் தோட்டத்தில் ஷிரோமி இருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பவள். விழித்துக்கொண்டே கனவு காண்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். அவள் எங்கேயோ போயிருப்பாள்.

"ஷிரோ, எங்க இருக்க?" என்று அப்பா யேசுரத்தினம் கேட்பார்.

"மேட்டுல இருக்கேன்ப்பா."

"சரி, எறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் போ."

மேடு என்றால் பங்களா மேடு. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரையின் பங்களா அங்கே இருந்தது. இப்போது பங்களாவும் இல்லை, துரையும் இல்லை. புல்லும் காற்றும்தான் இருக்கின்றன. காலையில் பனிமூட்டம் பள்ளம் முழுவதும் நிறைந்து கிடக்கும். மேட்டில் நின்றால் மூட்டத்துக்கும் மேலே நிற்கலாம். தூரத்தில் நமுனுகுல மலையின் உச்சி மட்டும் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

அங்கே தன் வீடு வரப்போகிறது என்று ஷிரோமி நினைத்தாள். ஒரே ஒரு ஜன்னல் போதும். அதைத் திறந்தால் மூட்டம் மெல்ல உள்ளே வரும். அறையைச் சுற்றிப் பார்க்கும். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இது வெறும் கனவு இல்லை. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தோட்டத்து வீடுகள். போன மழையில் ஷிரோமியின் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்துவிட்டது. இனி அங்கே இருப்பது ஆபத்து, எல்லோருக்கும் புது வீடு கட்டித் தருகிறோம் என்று பதுளையிலிருந்து வந்த அதிகாரிகள் சொன்னார்கள். கட்டுவதற்கு இரண்டு இடங்களையும் காட்டினார்கள். ஒன்று பங்களா மேடு. மற்றது மடுவத்துத் தரை. எது வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கிச் சொல்ல வேண்டும்.

மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. பழைய மடுவம், பஸ் நிற்கும் வளைவுக்குப் பக்கத்தில் கூரை போய்க் கிடந்தது. அதைச் சுற்றி நல்ல சமமான தரை. ஆனாலும் மடுவம் என்ற பெயரைக் கேட்டதுமே எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"மடுவத்துலயா வீடு? எங்க ஆத்தா கூடையத் தூக்கிக்கிட்டு மழையில நின்ன எடம் அது," என்றார் ரெங்கசாமி. அவர்தான் தோட்டத்துச் சங்கத் தலைவர். "நாலு தலைமுறையா பள்ளத்துல இருந்து பங்களாவ அண்ணாந்து பாத்தே கழுத்து வலிச்சிப் போச்சி. இனிமே நாம மேல இருந்து கீழ பாப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஷிரோமி கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

அவள் அப்படித் தட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல்லப்போனால் அதுதான் பெரிய காரணம். அவளுடைய அம்மா லூசியா பதுளையில் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வந்தால் வளைவில் இறங்கும்போதே இருட்டிவிடும். அங்கிருந்து பள்ளத்து லயத்துக்குத் தேயிலைக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டும். காட்டுப்பன்றி வரும். சிறுத்தை வந்தாலும் வரும். அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் அம்மா டவுனிலேயே ஒரு போர்டிங்கில் தங்கிக்கொண்டாள். ஞாயிறு காலையில் வருவாள், ஞாயிறு மாலையில் போய்விடுவாள்.

"புது வீட்டுக்குப் போனா நீங்க தெனமும் வந்துருவீங்கதானே?" என்று போன ஞாயிறு ஷிரோமி கேட்டிருந்தாள்.

"மேட்டுலயா வீடு?"

"ஆமாம்மா. ஜன்னலத் தொறந்தா மூட்டம் உள்ள வரும்."

அம்மா மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பாக்கலாம்," என்றாள்.

அந்தப் 'பாக்கலாம்' ஷிரோமிக்கு 'ஆமாம்' என்றே கேட்டது. கனவு காண்கிறவர்களின் காது கொஞ்சம் அப்படித்தான்.

பள்ளிக்கூடம் விடுமுறை. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள். ஆளுக்கொரு சதுரமாகக் கற்களை அடுக்கி வீடு கட்டினார்கள். வாசலுக்கு ஓர் இடைவெளி விட்டார்கள். ஷிரோமி தன் வீட்டில் ஜன்னலுக்கும் ஓர் இடைவெளி விட்டாள். கலாராணி மண் வடை தட்டி ஒரு கடை போட்டாள்.

கஜேந்திரன் மட்டும் வீடு கட்டவில்லை.

"நான் பஸ்ஸு," என்றான். கையில் ஒரு சட்டி மூடி இருந்தது. அதுதான் ஸ்டியரிங்.

"அப்ப மேல வந்து ஆள ஏத்து," என்றாள் கலாராணி.

"வளைவுலதான் நிப்பேன். இங்க வர மாட்டேன்."

"ஏன்?"

"ரோட்டு எங்க இருக்கு? நான் பஸ்ஸு. ஆடு இல்ல."

கஜேந்திரன் கீழே இறங்கிப்போய் வளைவுக்குப் பக்கத்துப் புல்லில் நின்றுகொண்டான். கொஞ்சம் தள்ளி இருந்த மரத்தடிதான் பதுளை.

ஷிரோமி அம்மாவாக நடித்தாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் தனுஜா ஷிரோமியாக நடித்தாள். தனுஜாவுக்கு இப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது.

கீழேயிருந்து 'பீம் பீம்' என்று பஸ் ஹோன் கேட்டது. ஷிரோமி ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். பஸ்ஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பதுளைக்குப் போனாள். மரத்தடியில் உட்கார்ந்து இலை இலையாகத் தைத்தாள். பஸ் திரும்பி வந்தது. வளைவில் இறங்கி மேட்டில் ஏறினாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது பேச மூச்சு இல்லை.

"அம்மா, வந்துட்டீங்களா?" என்றாள் தனுஜா. "இன்னக்கி என்னா நடந்திச்சி தெரியுமா? எங்க டீச்சரு..."

பீம் பீம்.

"விடிஞ்சிருச்சி," என்று கீழேயிருந்து கஜேந்திரன் கத்தினான். "பதுளை, பதுளை, ஏறுங்க."

அவனுக்குப் பொறுமை குறைவு. அவன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் ஓர் இரவு முடிந்துவிடும். ஷிரோமி மறுபடியும் இறங்கி ஓடினாள். மறுபடியும் தைத்தாள், மறுபடியும் ஏறினாள். தனுஜா மறுபடியும் "எங்க டீச்சரு..." என்று ஆரம்பித்தாள். பஸ் மறுபடியும் ஹோன் அடித்தது.

அதற்குள் மூட்டம் ஏறி வந்து மேட்டையும் மூடிவிட்டது. ஏறும் வழி தெரியவில்லை. கல் வீடுகளும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. தன் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஷிரோமி ஏறினாள். இப்படியே ஏறிக்கொண்டே இருந்தால் வானத்துக்குப் போய்விடலாம், வீட்டுக்குத்தான் போக முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளைக்குள்ளிருந்து தனுஜாவின் குரல் வந்தது.

"அம்மா, நீங்க தெனமும் வர வேணாம். ஞாயித்துக்கெழம மட்டும் வாங்க. போதும்."

தனுஜா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஷிரோமி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா சொன்ன 'பாக்கலாம்' இப்போதுதான் அவளுக்குச் சரியாகக் கேட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. மேடும் வேண்டும், அம்மாவும் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தாள். எப்படி யோசித்தாலும் நடுவில் அந்த ஏற்றம் வந்து நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். தன் வீட்டுக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடையில் போட்டாள். ஜன்னலுக்குப் பக்கத்துக் கல்லை எடுக்கும்போது மட்டும் கை தயங்கியது.

"எங்க போற?" என்றாள் கலாராணி.

"வீடு மாத்துறேன்."

மடுவத்துத் தரையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஷிரோமியும் தனுஜாவும் மறுபடியும் வீட்டைக் கட்டினார்கள். மேட்டில் இருந்தவர்கள் "மடுவத்து ராணி, மடுவத்து ராணி" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். அடுத்த முறை பஸ் வந்ததும் அம்மா இறங்கி நேராக வீட்டுக்குள் வந்துவிட்டாள். கஜேந்திரன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தனுஜா டீச்சரின் கதையைச் சொல்லி முடித்தாள். டீச்சரின் மேசைக்கடியில் ஒரு தவளை இருந்ததாம். இதைச் சொல்லத்தான் அவள் இவ்வளவு நேரம் தவித்திருக்கிறாள்.

மறுநாள் கலாராணி கடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மேல யாவாரமே இல்ல," என்றாள். "எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்காங்க. வடை திங்கிற ஆளக் காணோம்."

அவள் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். வந்ததும் சண்டை தொடங்கியது. எல்லோருக்கும் பஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டுமாம். கற்கள் இடம் மாறின. கலாராணி அழுதாள். கஜேந்திரன் பஸ் பழுதாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஷிரோமி யோசித்தாள்.

"கஜே, நீ வளைவுக்கு அந்தாண்ட போய் ஹோன் அடிச்சிக்கிட்டு வா. ஹோன் கேட்டப்புறம்தான் எல்லாரும் வீட்ட விட்டுக் கெளம்பணும். பஸ்ஸப் புடிச்சிட்டா வீடு சரியான எடத்துல இருக்கு. புடிக்க முடியலன்னா இன்னுங் கொஞ்சம் கிட்ட வரணும்."

"அப்ப வேகமா ஓடுறவங்க?"

"அவங்க தள்ளிப் போகட்டும். மெதுவா நடக்குறவங்க வீடு கிட்ட இருக்கட்டும்."

இது எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஏனென்றால் தள்ளிப் போவது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. தனுஜாவின் கையில் ஒரு கல்லைக் குழந்தையாகக் கொடுத்து நடக்கவைத்துப் பார்த்தார்கள். குழந்தையோடு பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. அதனால் பிள்ளைக்காம்பராவை, அதாவது வேலைக்குப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தை, பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே வைத்தார்கள். குழந்தையைக் கொடுத்துவிட்டு அப்படியே ஏறிவிடலாம். லயத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்து, அவர்களுடைய நடையைப் போலவே நடந்து பார்த்து, வீடு வைத்தார்கள். சனிக்கிழமை மாலைக்குள் மடுவத்தைச் சுற்றி ஒரு கல் ஊரே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன் ஷிரோமி அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, கூட்டத்த மடுவத்துத் தரையில வச்சிக்கலாமா? எங்க ஊரு அங்க இருக்கு."

"பெரியவங்க கூட்டம்மா. வெளையாட்டு இல்ல," என்றார் அப்பா.

கூட்டம் பங்களா மேட்டில்தான் நடந்தது. பதுளையிலிருந்து நளீரா மிஸ் ஜீப்பில் வளைவு வரை வந்து, அங்கிருந்து நடந்து ஏறி வந்தார். புது வீடுகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்தான். வெயில் மஞ்சளாக இருந்தது. காற்று எல்லோருடைய முடியையும் கலைத்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். கை தூக்கிவிட்டு உடனே பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

ஆனால் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். கழுத்து வலியிலிருந்து தொடங்கினார். அவருடைய தாத்தாவுக்கு வந்தார். தாத்தாவை விட்டு அவர் நகரவே இல்லை. அப்போது கீழே, தூரத்தில், நிஜ பஸ்ஸின் ஹோன் கேட்டது.

"ஐயோ, கடைசி பஸ்ஸு," என்றாள் அம்மா.

அவள் ஓடினாள். தலைவரின் பேச்சு பாதியில் நின்றது. எல்லோரும் மேட்டின் விளிம்புக்கு வந்தார்கள். மேட்டிலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. சின்னதாகச் சிவப்பு பஸ் வந்தது. தேயிலைக்கு நடுவே சின்னதாக அம்மா ஓடினாள். தலைவர் தோளில் இருந்த துண்டை எடுத்து வீசி, "டிரைவரு, நில்லுங்க," என்று கத்தினார். பஸ் வளைவில் நின்றது. யாரும் இல்லை என்று பார்த்தது. புறப்பட்டுப் போய்விட்டது. அம்மா பாதி வழியில்தான் இருந்தாள்.

தலைவரின் துண்டு கையிலேயே தொங்கியது.

"இங்க இருந்து பாத்தா அம்மா போறது மட்டுந்தான் நல்லாத் தெரியும்," என்றாள் ஷிரோமி. சொல்லிவிட்டு அவளும் இறங்கி ஓடினாள்.

அம்மா மடுவத்துப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை வேலைக்குப் போகாவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவளுக்கு.

"அம்மா, உள்ள வாங்க," என்றாள் ஷிரோமி.

"எதுக்குள்ள?"

"நம்ம வீட்டுக்குள்ள."

அம்மா கற்களைப் பார்த்தாள். ஒரு கல்லையும் மிதிக்காமல், வாசலுக்காக விட்ட இடைவெளி வழியாகவே உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஷிரோமி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

கூட்டம் முழுவதும் பின்னாலேயே இறங்கி வந்தது. கடைசியாகத் தலைவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கவனம் மாமா," என்றாள் ஷிரோமி. "செவுத்த மிதிக்கிறீங்க."

தலைவர் திடுக்கிட்டுக் காலைத் தூக்கினார். "யாரு வீட்டுச் செவுரு?"

"உங்க வீட்டுச் செவுருதான்."

"என் வீடா? ஏன் பஸ்ஸுக்கு இவ்வளவு கிட்ட இருக்கு?"

"உங்களுக்கு முட்டி வலிக்குந்தானே. அதான்."

தலைவர் தன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் சரி பாப்பா. ஆனா இது எங்க ஆத்தா மழையில நின்ன எடம். மனசு கேக்கல."

"அவங்கள நிக்க வச்சவங்க எங்க இருந்தாங்க மாமா?"

"மேட்டுல, பங்களாவுல."

"அப்ப அந்த எடம் மட்டும் எப்படி மனசுக்குப் புடிக்குது?"

தலைவர் ஷிரோமியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். மடுவத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

நளீரா மிஸ் கல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிள்ளைக்காம்பராவின் முன்னால் வெகு நேரம் நின்றார்.

"இது இங்க, அது அங்கன்னு எப்படி முடிவு பண்ணினீங்க? எதை வச்சி அளந்தீங்க?"

"தனுஜாவோட கால வச்சி, மிஸ்," என்றாள் ஷிரோமி.

தனுஜா தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கஜேந்திரன் ஹோன் அடித்துக் காட்டினான்.

"அப்ப மேடு?" என்று நளீரா மிஸ் கேட்டார்.

"அது சும்மாவே இருக்கட்டும், மிஸ். ஆசையா இருக்கிறப்ப ஏறிப் போவோம். யாரும் பஸ்ஸுக்கு ஓட வேணாம்."

"நானும் சாயங்காலத்துல காத்து வாங்க வரலாமா?" என்றார் தலைவர்.

"வெளையாடுறதா இருந்தா வாங்க மாமா," என்றான் கஜேந்திரன்.

மடுவத்துத் தரைதான் வேண்டும் என்று அங்கேயே கை தூக்கினார்கள். தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைத்தான் எண்ணுவேன் என்றார் நளீரா மிஸ். பிறகு அம்மாவைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனார்.

வீடு என்ன ஒரு நாளிலா எழும்பும்? மழை வந்தது, வேலை நின்றது. வெயில் வந்தது, செங்கல் வந்தது. ஷிரோமி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஒருவழியாக எல்லோரும் குடியேறினார்கள். அம்மா போர்டிங்கைக் காலி செய்துவிட்டு, தலையணையும் பாயுமாக வந்து சேர்ந்தாள்.

குடியேறிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை. வெளியே இருட்டிவிட்டது. ஷிரோமி தரையில் புத்தகத்தை விரித்துவைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தாள். கதவு திறந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

"இது என்னா, ஸ்கூல் சட்டையக் கூட இன்னும் கழட்டலயா? ஒரு சொக்ஸ் இங்க கெடக்கு, இன்னொண்ணு எங்க? தேத்தண்ணி குடிச்ச கோப்பைய யாரு கழுவுவா?"

ஷிரோமி திரும்பிப் பார்த்தாள். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஏசியதே இல்லை. கூட இருக்கும் ஒரே ஒரு நாளை ஏசி வீணாக்க அவளுக்கு மனம் வராது. சொக்ஸ் எங்கே கிடந்தாலும் பேசாமல் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். இன்றைக்கு அம்மாவுக்கு அவசரமே இல்லை. நாளைக்கும் வருவாள். நாளை மறுநாளும் வருவாள்.

"நான் ஏசிக்கிட்டு இருக்கேன், நீ சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் ஷிரோமி. "இன்னுங் கொஞ்சம் ஏசுங்க."